சார்ஜ் நிற்காத தொலைபேசி: ஓர் அவசரத் தீர்ப்புக்கு மறுப்பு

வீட்டுக் கார்ட்லெஸ் தொலைபேசியில் சார்ஜ் நிற்காமல் போனால் அந்தக் கருவியின் ஆயுள் முடிந்துவிட்டது என்றும், அதன் மின்கலத்தை மாற்றிப் பார்ப்பது பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவதோடு ஆபத்தையும் விலைக்கு வாங்குவது என்றும், ஆகவே பழையதைக் கழித்துவிட்டுப் புதிய செட் வாங்குவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும் என்றும் ஒரு கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. விற்பவர் இதைச் சொல்கிறார், பழுதுபார்ப்பவர் சொல்கிறார், வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு பெற்றோருக்குப் புதிய செட் வாங்கி அனுப்பும் பிள்ளைகளும் சொல்கிறார்கள். முதலிருவருக்கு அதில் ஆதாயம் உண்டு, மூன்றாமவருக்குப் பாசம் உண்டு. கருவியைச் சோதித்துப் பார்த்த அறிவு மூவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

இக்கருத்தின் நலிந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு வீழ்த்துவது எளிது என்பதால், அதன் வலுவான வடிவத்தையே முதலில் எடுத்துரைக்க வேண்டும். முதலாவதாக, ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த கருவியில் ஓர் உறுப்பு தளர்ந்தால் மற்றவையும் தளர்ந்திருக்கும் என்பது அதன் வாதம். இரண்டாவதாக, புதிய செல் போட்டுப் பார்த்த பலருக்கு ஆறே மாதத்தில் பழைய தொல்லை திரும்பியிருக்கிறது. எனவே பழுது செல்லில் இல்லை, கருவியில்தான் இருக்கிறது என்பது அனுபவத்தை முன்னிறுத்தும் வாதம். மூன்றாவதாக, மின்கலங்கள் வெடித்துத் தீப்பற்றும் செய்திகள் அடிக்கடி வரும் காலத்தில் தொழிலறிவில்லாதவர் பேட்டரியில் கைவைக்கக் கூடாது என்பது எச்சரிக்கை வாதம். நான்காவதாக, கையில் செல்போன் இருக்கும்போது காலாவதியான ஒரு கருவிக்கு இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வியும் உண்டு. இவற்றுள் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது உண்மையான அனுபவத்திலிருந்து பெறப்பட்ட பொய்யான முடிவு. மூன்றாவது வேறொரு பொருளைப் பற்றிய உண்மை. நான்காவது வாதமே அன்று, அலுப்பு.

1. சார்ஜ் நிற்கவில்லை என்பவர் உண்மையில் எதைக் கண்டார்?

அவர் கண்டது, கைக்கருவியை சார்ஜ் ஏற்றும் ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் அது ‘பீப்’ ஒலி எழுப்பி அணைந்துவிட்டது என்பதை மட்டுமே. இந்த ஓர் அறிகுறிக்கு நான்கு காரணங்கள் இருக்க முடியும்: சுவர் மின்சாரத்தைக் குறைந்த மின்னழுத்தமாக்கித் தரும் அடாப்டர் கெட்டிருக்கலாம், ஸ்டாண்டிலும் கைக்கருவியின் அடியிலும் உள்ள உலோகத் தொடுமுனைகள் அழுக்கேறி மின்சாரத்தைக் கடத்தாமல் இருக்கலாம், செல்கள் தேய்ந்திருக்கலாம், கைக்கருவியின் உட்சுற்று பழுதாகியிருக்கலாம். முதல் மூன்றும் வீட்டிலேயே தீரக்கூடியவை. நான்காவது ஒன்றுதான் கருவியின் சாவு. ஆனால் பரவலான கருத்து முதல் மூன்றையும் பாராமலே நேராக நான்காவதற்குத் தாவுகிறது.

கார்ட்லெஸ் தொலைபேசி இரு பகுதிகளால் ஆனது. தொலைபேசிக் கம்பியும் மின்சாரமும் இணைக்கப்பட்டு ஓரிடத்தில் நிற்பது தளக்கருவி, வழக்கில் ‘பேஸ்’. அதனோடு வானொலி அலைகளால் தொடர்புகொண்டு வீட்டுக்குள் எங்கும் எடுத்துச் செல்லப்படுவது கைக்கருவி. கைக்கருவிக்கு உயிர் தருபவை பெரும்பாலும் இரண்டு நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்கள். ஒரு தகட்டில் நிக்கல் சேர்மமும், மறு தகட்டில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உலோகக் கலவையும், இடையே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தின் நீர்க்கரைசலும் கொண்ட, மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றத்தக்க செல் இது. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் தருவதால் வரிசையாக இணைந்த இரண்டும் 2.4 வோல்ட் தரும். பழைய செட்களில் மூன்று செல்களைச் சேர்த்துக் கட்டிச் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் வைத்த 3.6 வோல்ட் பேட்டரிக் கட்டு இருக்கும். இத்தகைய செல் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியபின், அல்லது சில ஆண்டுகள் கழிந்தபின், உள்தடை அதிகமாகிக் கொள்ளளவு குறைந்து ஓய்வது இயல்பு. அதாவது அது தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட உறுப்பு. அதனால்தான் தயாரிப்பாளர் அதைக் கையால் கழற்றத்தக்க மூடிக்குள் வைத்தார். சிப்பும் திரையும் ஒலிபெருக்கியும் அவ்வாறு தேய்பவை அல்ல. ஓர் உறுப்பு தளர்ந்தால் எல்லாம் தளர்ந்திருக்கும் என்னும் வாதம், பயன்படுத்தித் தீர்ப்பதற்கான உறுப்பையும் நிலையான உறுப்புகளையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. எண்ணெய் தீர்ந்த விளக்கை உடைந்த விளக்கென்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

செல்லைக் குறை சொல்வதற்கும் முன்னால் தொடுமுனைகளைப் பார்க்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றிலும், அடுக்களைக்கு அருகில் வைத்த செட்டில் படியும் எண்ணெய்ப் பிசுக்கிலும் இம்முனைகளின்மேல் மெல்லிய படலம் உண்டாகிறது. சார்ஜ் ஏறுவதாகத் திரை காட்டும்போதே உண்மையில் ஏற வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதிதான் ஏறுகிறது. அடாப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மென்மையான உலர்ந்த துணியால் இம்முனைகளைத் துடைப்பது மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. பிசுக்கு விடாப்பிடியாக இருந்தால் துணியில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து உலரவிடலாம். உப்புத்தாளால் தேய்ப்பது பலருக்குக் கைவந்த வழக்கம் என்றாலும், அது மேற்பூச்சை உரித்து அடியிலுள்ள உலோகத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுவதால் துரு விரைந்து வரும்.

இதன் பின்னும் சார்ஜ் நிற்கவில்லையானால், காரணத்தைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரே தளக்கருவியோடு இரண்டு கைக்கருவிகள் உள்ள வீட்டில், நன்றாக இயங்கும் ஒன்றின் செல்களை இரண்டையும் சேர்த்தே எடுத்து, மற்றதன் செல்களோடு இடம்மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். தொல்லை செல்லோடு இடம்மாறினால் குற்றவாளி செல். கைக்கருவியோடே தங்கிவிட்டால் குற்றம் கருவியில். ஒரே கைக்கருவி உள்ளவர்கள் ஓர் இரவு முழுக்க சார்ஜில் இருந்த செல்களை எடுத்து, சற்றுப் பொறுத்து மல்டிமீட்டரில் தனித்தனியே அளந்தால் போதும். நல்ல செல் 1.3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், ஒன்று 1 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் அது ஓய்ந்துவிட்டது அல்லது அதற்கு சார்ஜே போய்ச் சேரவில்லை. பேசும்போது இரைச்சல் கேட்பதையும் செல்லின் தலையில் கட்டுபவர்கள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் செட்டின் பேஸை அதே அலைவரிசையைப் பயன்படுத்தும் வைஃபை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் வராமல் என்ன செய்யும்?

2. புதிய செல்லும் ஆறே மாதத்தில் போயிற்று என்றால், போட்டது என்ன, போட்ட விதம் என்ன?

எதிர்த்தரப்பின் வலுவான சான்று இதுவே. இந்த அனுபவம் பொய்யன்று; பல வீடுகளில் நடந்ததுதான். ஆனால் அதிலிருந்து கருவி கெட்டது என்ற முடிவுக்கு வர வேண்டுமானால், புதிய செல் சரியானதாக இருந்தது என்பதும் சரியாகப் போடப்பட்டது என்பதும் முதலில் நிறுவப்பட வேண்டும். யாரும் அதை நிறுவுவதில்லை. நடைமுறையில் நடப்பதைப் பார்த்தால், செல்லின் சாவு ஒரு தற்செயலாகவே தோன்றாது.

அளவு பொருந்தினால் செல்லும் பொருந்தும் என்ற நம்பிக்கையே முதற்பிழை. கைக்கருவியில் பெரும்பாலும் இருப்பது ட்ரிபிள் ஏ அளவு, அதாவது டிவி ரிமோட்டில் போடும் சின்ன பென்சில் செல்லின் அளவு. அதே அளவில் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரணத் துத்தநாகச் செல்லோ ஆல்கலைன் செல்லோ ஒருமுறை தீர்ந்தால் எறிவதற்கானது. அதை சார்ஜ் செய்தால் உள்ளே வாயு உண்டாகி அழுத்தம் ஏறி, செல் கசியும் அல்லது வெடிக்கும். முதல் சில நாள் கைக்கருவி நன்றாகவே வேலை செய்யும் என்பதுதான் இதிலுள்ள பொறி, 1.5 வோல்ட் உள்ள செல் என்பதால் திரையில் பேட்டரி நிறைந்திருப்பதாகவே தெரியும், ஸ்டாண்டில் வைத்த ஒவ்வொரு முறையும் கசிவு நெருங்கிக்கொண்டிருக்கும். இதைவிடக் கொடியது, ஏறத்தாழ அதே பருமனில் விற்கும் 3.7 வோல்ட் லித்தியம் அயனிச் செல்லைப் போடுவது. அதற்கு வேண்டிய மின்னழுத்தக் கட்டுப்பாடு நிக்கல் செல்லுக்கென அமைந்த ஸ்டாண்டில் கிடையாது. உள்ளேயே மின்மாற்றுச் சுற்று வைத்து யூஎஸ்பி ஒயரால் சார்ஜ் ஏற்றும் 1.5 வோல்ட் லித்தியம் செல்களும் இவ்விடத்துக்கு உரியவை அல்ல. செல்லின்மேல் ‘நிக்கல் உலோக ஹைட்ரைடு’ என்பதற்குரிய குறியும் 1.2 வோல்ட் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். பல செட்களின் கையேடு பழைய வகையான நிக்கல் காட்மியம் செல்லையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. நிக்கல் காட்மியத்துக்கென்றே அமைந்த பழைய செட்டில் புதிய வகையைப் போடலாமா என்பதையும் அந்தந்தக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றும் சிக்கனம் அடுத்த பிழை. இரண்டில் ஒன்றுதான் கெட்டது என்று மல்டிமீட்டர் காட்டினாலும் இரண்டையும் ஒருங்கே மாற்ற வேண்டும், அதுவும் ஒரே நிறுவனத்தின் ஒரே கொள்ளளவுள்ளவையாக. வரிசையில் இணைந்த செல்களின் வழியே ஓடும் மின்னோட்டம் ஒன்றே. கொள்ளளவு குறைந்த பழைய செல் முதலில் நிறைந்துவிடுவதால், புதியது நிறையும்வரை பழையது மிகைச் சார்ஜ் ஏறிச் சூடாகிறது. பேசும்போதோ பழையது முதலில் சரிந்து மொத்த மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க, புதியதில் பாதி மீதமிருக்கும்போதே கருவி அணைந்துவிடுகிறது. அணைந்த கருவியை ஸ்டாண்டுக்கு வெளியே வாரக்கணக்கில் விட்டுவிட்டால், நலிந்த செல் முழுக்க வற்றியபின் மற்றது அதன் வழியே எதிர்த்திசையில் மின்சாரத்தைச் செலுத்தித் துருவத்தையே மாற்றிவிடவும் கூடும். இப்படிப் பாதிச் செலவு செய்தவர் முழுச் செல்லையும் இழக்கிறார், பிறகு கருவியைப் பழிக்கிறார்.

கொள்ளளவு பற்றிய பேராசை இன்னொன்று. 550 மில்லி ஆம்பியர் மணி இருந்த இடத்தில் 1,000 போட்டால் இரு மடங்கு பேசலாம் என்ற கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் சார்ஜ் செய்யும் மின்னோட்டத்தை ஸ்டாண்ட்தான் தீர்மானிக்கிறது. செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை ஏறத்தாழ 16 மணி நேரம் செலுத்துவதே மெதுவான முழுச் சார்ஜுக்கு உலகளவில் ஏற்கப்பட்ட அளவுகோல். ஏற்றும் மின்சாரம் முழுவதும் சேமிப்பாக மாறாது என்பதால்தான் 10 மணி நேரம் போதாமல் 16 ஆகிறது. 550-க்கு ஏற்ற 55 மில்லி ஆம்பியரைத் தரும் ஸ்டாண்டில் 1,000 கொள்ளளவுச் செல்லை வைத்தால் ஒரு நாளும் ஓர் இரவும் சேர்ந்தாலும் அது நிறையுமா என்பது ஐயமே. நேரக் கணக்கை வைத்துச் சார்ஜை நிறுத்தும் செட்டாக இருந்தால் ஒருபோதும் நிறையாது. சற்றுக் கூடுதலான கொள்ளளவு தீங்கில்லை. மும்மடங்கை நாடுவதுதான் வீண். ட்ரிபிள் ஏ அளவு நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்லில் உண்மையாக அடையக்கூடிய கொள்ளளவு 1,000-ஐ ஒட்டியே நிற்கும் என்பதால், 1,500 என்று அச்சிட்டு மலிவாக விற்கும் செல்லை வாங்குபவர் எண்ணைத்தான் வாங்குகிறார்.

பழைய சரக்கும் ஒரு காரணம். சாதாரண நிக்கல் உலோக ஹைட்ரைடு செல் யாரும் தொடாமல் கிடந்தாலே மாதத்துக்கு மாதம் தன் சார்ஜில் கணிசமான பகுதியை இழக்கும். கடை அலமாரியில் இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலில் காய்ந்த செல் ‘புதியது’ என்பது சீட்டில் மட்டுமே. இதற்கு மாற்றாகத் தன்னிறக்கம் குறைந்த வகையை 2005-இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் அவ்வகையை விற்கின்றன, சில மாதங்கள் கிடந்தாலும் சார்ஜ் பெரிதும் குறையாது. எவ்வகையாயினும் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குவதும், போட்டவுடன் பேசத் தொடங்காமல் கையேடு சொல்லும் 7 மணி நேரமோ 16 மணி நேரமோ தொடர்ந்து ஸ்டாண்டில் விட்டு வைப்பதும் முதல் சார்ஜின் தேவைகள்.

எஞ்சியது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கொலை: ‘எப்போதும் ஸ்டாண்டிலேயே வைத்தால் பேட்டரி கெட்டுவிடும், முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்’ என்ற அறிவுரை. செயற்கைக்கோள்களில் ஒரே அளவில் மீண்டும் மீண்டும் இறக்கி ஏற்றப்பட்ட நிக்கல் காட்மியம் மின்கலங்களில் காணப்பட்ட ‘நினைவு விளைவு’, அதாவது அரைகுறையாக இறக்கிய அளவையே தன் முழு அளவாகச் செல் காட்டத் தொடங்கும் போக்கு, இவ்வறிவுரையின் மூலம். நிக்கல் உலோக ஹைட்ரைடில் அது மிகக் குறைவு. வீட்டில் ஒருநாள் ஐந்து நிமிடமும் மறுநாள் ஒரு மணி நேரமும் பேசும் ஒழுங்கற்ற பயன்பாட்டில் அது தோன்றுவதற்கான வாய்ப்பும் குறைவு. மாறாக, வாரம்தோறும் செல்லை அடிமட்டம்வரை வற்றவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் வழி. செல் நிறைந்தபின் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி இன்றைய ஸ்டாண்டுகள் அமைந்திருக்கின்றன; கைக்கருவியின் இடம் அதுதான். செல்லைக் கொல்வது ஸ்டாண்ட் அன்று, சூடு. செட்டாப் பாக்ஸின் மேலும் ஃபிரிட்ஜின் மேலும் மேற்கு வெயில் விழும் ஜன்னலோரத்திலும் ஸ்டாண்டை வைத்துவிட்டு, சித்திரை வெயிலில் செல் போய்விட்டது என்று வியப்பதில் பொருளில்லை.

இவ்வளவு பிழைகளில் ஒன்றேனும் நிகழாத வீட்டில் புதிய செல் ஆறு மாதத்தில் சாகுமானால், அப்போது கருவியை ஐயுறலாம்.

3. எந்த மின்கலத்தைப் பற்றிய அச்சம் இது?

செல்போன், மின்சார ஸ்கூட்டர் முதலியவற்றின் லித்தியம் அயனி மின்கலம் உப்பினால் தொடாதே, பிரிக்காதே, உடனே ஒதுக்கு என்பது முற்றிலும் சரியான எச்சரிக்கை. அதன் உள்ளிருக்கும் கரைசல் எரியக்கூடிய கரிமத் திரவம். அடக்கி வைத்திருக்கும் ஆற்றலும் பெரிது. 550 மில்லி ஆம்பியர் மணியுள்ள இரண்டு நிக்கல் செல்களில் இருப்பது 1.3 வாட் மணி அளவு ஆற்றல். 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட செல்போன் மின்கலத்தில் 19 வாட் மணி, அதாவது பதினான்கு மடங்குக்கு மேல். நிக்கல் செல்லின் கரைசல் நீர் சார்ந்தது, தீப்பற்றாது. அழுத்தம் ஏறினால் வாயுவை வெளியேற்ற மூடியில் சிறு வால்வும் உண்டு. ஒன்றின் ஆபத்தை மற்றதன் மேல் ஏற்றிச் சொல்வது பாதுகாப்பு அறிவுரை ஆகாது. அதனால் விளைவது, உண்மையான ஆபத்துகள் எவை என்பது பேசப்படாமலே போவதுதான்.

உண்மையான ஆபத்துகள் உண்டு. நிக்கல் செல்லின் உள்தடை மிகக் குறைவு என்பதால் அதன் இரு முனைகளும் சாவிக்கொத்தாலோ நாணயத்தாலோ இணைந்துவிட்டால் பல ஆம்பியர் பாய்ந்து கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். எனவே செல்லைச் சட்டைப் பையில் தனியே போட்டு எடுத்துவரக் கூடாது. செல்லின் வெளி உறை முழுவதும் எதிர்முனை, நேர்முனைக் குமிழ் மட்டுமே அதிலிருந்து பிரிக்கப்பட்டது. மேலே சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லை, குறிப்பாக நேர்முனைப் பக்கம் கிழிந்ததை, பயன்படுத்தலாகாது. போடும்போது எதிர்முனையை முதலில் வைத்துச் சுருள்கம்பியை அழுத்திக்கொண்டு நேர்முனையை இறக்கினால் உறை கிழியாது. கசிந்த காரம் தோலில் பட்டால் நிறைய நீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நீரை ஓடவிட்டுக் கழுவியபடியே மருத்துவரை நாட வேண்டும். தொடுமுனையில் காய்ந்த வெண்பொடி இருந்தால் கையுறையோடு, காதுகுடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு துளி தொட்டுத் துடைத்து, பின் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே புதிய செல் போட வேண்டும்.

மூன்று செல் கட்டு உள்ள பழைய செட்டில் இன்னும் கவனம் வேண்டும். கட்டின் முனையிலுள்ள பிளக் ஒரே உருவில் இருந்தாலும் சிவப்பு, கறுப்பு ஒயர்களின் இடம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றன்று. பழைய கட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பின்னரே செருக வேண்டும். பிளக்கை ஒயரைப் பிடித்து இழுக்காமல் அதன் உடலைப் பிடித்து எடுக்க வேண்டும். கட்டு கிடைக்கவில்லை என்று தனிச் செல்களின்மேல் நேரடியாக ஈயப் பற்று வைத்துத் தரும் பழுதுபார்ப்பவரைத் தவிர்ப்பது நல்லது. பற்றுக்கோலின் சூடு செல்லின் அடைப்பையும் வால்வையும் கெடுக்கும். ஏற்கனவே நிக்கல் பட்டையால் பற்றவைத்த கட்டுகள் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் கிடைக்கின்றன.

உண்மையில் அஞ்ச வேண்டிய மின்சாரம் கைக்கருவியில் இல்லை, பேஸின் பக்கம் இருக்கிறது. செம்புக் கம்பி வழி வரும் தொலைபேசி இணைப்பில் எப்போதும் 48 வோல்ட் அளவும், மணி அடிக்கும் நேரத்தில் அதன்மேல் எண்பது தொண்ணூறு வோல்ட் மாறுமின்னோட்டமும் இருக்கும். பேஸைத் துடைக்கவோ திருப்பிப் பார்க்கவோ வேண்டுமானால் அடாப்டரையும் தொலைபேசிக் கம்பியையும் இரண்டையுமே கழற்ற வேண்டும். இடிமின்னலின்போது இவ்வேலையே கூடாது. அடாப்டர் கெட்டால், துளையில் நுழைகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகாமல், பழையதன் வில்லையில் உள்ள வோல்ட், ஆம்பியர், முனைகளின் துருவம், நேர்மின்னோட்டமா மாறுமின்னோட்டமா என்னும் நான்கும் ஒத்ததையே வாங்க வேண்டும். புதிய செட் வாங்கினாலும் இந்தப் பேஸும் இந்தக் கம்பியும் இருக்கத்தான் போகின்றன. செல்லுக்கு அஞ்சிச் செட்டை மாற்றியவர் எந்த ஆபத்திலிருந்து தப்பினார்?

4. சிக்கனம் யாருக்கு?

இரண்டு நல்ல செல்களின் விலை சில நூறு ரூபாய். புதிய செட்டின் விலை சில ஆயிரம். இதற்குமேல் சிக்கன வாதத்துக்கு விடை வேண்டியதில்லை. ஒன்றைச் சேர்க்கலாம்: புதிய செட்டின் பெட்டிக்குள் வருவதும் அதே நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்தான், அதுவும் சில ஆண்டுகளில் ஓயும்.

5. காலாவதியானது என்று தீர்ப்பளிப்பவர் யார்?

செல்போன் வைத்திருப்பவர் கார்ட்லெஸ்ஸைக் காலாவதியானது என்கிறார். ஆனால் அதைப் பயன்படுத்துபவர் பெரும்பாலும் அவரல்லர். பெரிய பொத்தானை விரலால் தடவி அழுத்தத் தெரிந்தவர், தொடுதிரையில் விரல் நழுவுபவர், முப்பதாண்டுகளாக உறவினர் அனைவரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் எண்ணைக் கைவிட விரும்பாதவர் ஆகியோரே இதன் உடைமையாளர்கள். அவர்களுக்குப் புதிய செட் என்பது புதிய பொத்தான் வரிசை, புதிய மணி ஓசை, புதிதாகப் பதிய வேண்டிய எண்கள்.

எனினும் இவ்விடத்தில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும். மின்சாரம் போனால் பேஸ் அணையும், பேஸ் அணைந்தால் கைக்கருவி நிறையச் சார்ஜ் இருந்தும் ஊமையாகும். கைக்கருவியின் செல்லைக் கொண்டே பேஸை இயக்கும் வசதி சில மாடல்களில் மட்டுமே உண்டு. செம்புக் கம்பி இணைப்புள்ள வீட்டில் தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் மின்சாரத்தால் இயங்கும் சாதாரணக் கம்பித் தொலைபேசி ஒன்றை உடன் வைத்திருப்பது அறிவுடைமை. ஃபைபர் இணைப்புக்கு மாறிய வீட்டில் மோடத்துக்கும் மாற்று மின்சாரம் வேண்டும். இது கார்ட்லெஸ் என்ற வகைக்கே உரிய குறை என்பதால், பழையதைக் கழித்துப் புதிய கார்ட்லெஸ் வாங்குவதால் நீங்குவதன்று. காரம் கசிந்து சுற்றுப்பலகையை அரித்துவிட்ட கைக்கருவி, மின்னல் தாக்கிய பேஸ், பேச்சைக் குறியாக்கம் செய்யாமல் அனுப்புவதால் தக்க ஏற்பி வைத்திருப்பவர் ஒட்டுக்கேட்கக்கூடிய பழைய அனலாக் வகை ஆகியவற்றைக் கழிப்பதே முறை. ஆனால் அவை சோதித்தபின் எட்டும் முடிவுகள்.

6. கழித்தது எங்கே போகிறது?

பழையதைத் தூக்கிப் போடு என்பவர், எங்கே என்று சொல்வதில்லை. நடைமுறையில் அது குப்பைத் தொட்டிக்கோ காயலான் கடைக்கோ போகிறது, பெரும்பாலும் செல்லோடு சேர்ந்தே. பழைய செட்டாக இருந்தால் அந்தச் செல்லில் காட்மியம் இருக்கலாம். மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதியான பொருள்களின் வரிசையில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் உலோகம் அது. ஜப்பானின் டொயாமா வட்டாரத்தில் ஜின்சு ஆற்றுநீர் வழியே வயலிலும் அரிசியிலும் ஏறிய காட்மியம் எலும்புகளை நொறுக்கிய இத்தாய் இத்தாய் நோயை அந்நாட்டு அரசு 1968-இல் சூழல் மாசினால் வந்த நோயென ஏற்றது. அங்கே காட்மியம் சுரங்கத்திலிருந்து வந்தது, தொலைபேசியிலிருந்து அன்று. ஆனால் மண்ணில் சேர்ந்தபின் வந்த வழி எதுவென்று பயிர் பார்ப்பதில்லை. நிக்கல் உலோக ஹைட்ரைடில் காட்மியம் இல்லை என்றாலும், அதிலுள்ள காரமும் மீட்டெடுக்கத்தக்க நிக்கலும் குப்பைமேட்டுக்கு உரியவை அல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் தன் 2023-ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குமுறையின் மூலம், கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற கடமையை 2027 பிப்ரவரி 18 முதல் தயாரிப்பாளர்மேல் சுமத்துகிறது. செல்போன் இழந்துவிட்ட அந்த வசதியைப் பெறச் சட்டம் இயற்ற வேண்டியிருக்கிறது. கார்ட்லெஸ் தொலைபேசியோ அதை என்றும் இழக்கவில்லை. இருக்கும் வசதியைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் கருத்து பழுதுபார்க்கும் உரிமை பேசப்படும் காலத்தில் கேள்வியின்றி நிலவுவது விந்தைதான்.

இந்தியச் சட்டமும் இங்கே எதிர்த்தரப்புக்கு உதவவில்லை. மின்னணுக் கழிவு விதிகளின் அட்டவணையில் கார்ட்லெஸ் தொலைபேசி பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது; ஆனால் மின்கலங்கள் அவ்விதிகளின் கீழ் வாரா, அவற்றுக்கு 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் தனியே உள்ளன. தயாரிப்பாளர் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதோடு, பயன்படுத்தியவர் மின்கலத்தை மற்ற வீட்டுக் கழிவோடு கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஆகவே கருவியை ஒரு வழியிலும் செல்லை மற்றொரு வழியிலும் அனுப்ப வேண்டியவர், கைக்கருவியின் மூடியைத் தள்ளித் திறந்து, இரண்டு செல்களையும் வெளியே எடுத்து, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனியே வைத்தாக வேண்டும். மின்கலத்தை மாற்றுவதில் வீட்டாரால் ஆகாது என்று சொல்லப்பட்ட வேலையில் அதுவே பெரும்பகுதி. மீதமிருப்பது புதிய செல் இரண்டை அதே இடத்தில் வைத்து மூடுவது.